ஏழை சொல் ஏன் அம்பலம் ஏறுவதில்லை: அறிதல் அநீதி பற்றி ஓர் எளிய அறிமுகம்

கோத்தகிரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, படித்ததைப் பற்றிப் பேசுவோம். மழைக்காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். போன மாதம் வந்திருந்தவர்களில் மூன்று பேர் ‘அறிவு அநீதி’ என்ற ஒரே சொல்லை மூன்று விதமாகப் பயன்படுத்தினார்கள். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், தான் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை யாரும் நம்பவில்லை, அது தனக்கு நடந்த அறிவு அநீதி என்றார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, தன் ஊரில் செல்போன் டவர் கிடையாது, ஆன்லைன் வகுப்பே கிடைக்கவில்லை, அதுதான் அறிவு அநீதி என்றாள். மூன்றாமவர் இரண்டையும் தள்ளிவிட்டு, “யார் என்ன சொன்னாலும் நம்பணும்னு சொல்ற தத்துவம் அது, நடைமுறைக்கு ஒத்து வராது” என்று பேச்சை முடித்துவிட்டார்.

மூன்றுமே அந்தக் கருத்தை முன்வைத்தவர் சொன்னதல்ல. அவர் பெயர் மிராண்டா ஃப்ரிக்கர், இங்கிலாந்துக்காரர். 2007இல் ‘எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்’ என்ற நூலை எழுதினார். அறம், அறிவு, மனம் என்று தத்துவத்தில் தனித்தனி அறைகளாகக் கிடந்த மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்த நூல் அது. எனக்கு அந்த நூல் முக்கியமானதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைத் தராசு பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

அறிவா, அறிதலா?

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ‘அறிவு அநீதி’ என்றதும் நம் மனம் கல்விக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை, டவர் இல்லை. இவையும் அநியாயம்தான். ஆனால் இவை அரிசி, தண்ணீர், நிலம் போன்றவற்றைப் பங்கிடுவதில் வரும் அநியாயத்தைச் சேர்ந்தவை. பங்கிடப்படும் பொருள் இங்கே கல்வி, அவ்வளவுதான். ஃப்ரிக்கர் இதைத் தெரிந்தே ஒதுக்கி வைக்கிறார்.

அவர் பேசுவது வேறு. ஒருவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது, அவர் அதைச் சொல்கிறார், அல்லது சொல்ல முயல்கிறார். அந்த இடத்தில், ‘தெரிந்தவர்’ என்ற அவருடைய நிலையிலேயே அவருக்குத் தீங்கு நடக்கிறது. அதனால் நான் இதை ‘அறிதல் அநீதி’ என்று எழுதுகிறேன். அறிவு என்பது கையில் இருக்கும் சொத்து மாதிரி ஒலிக்கிறது. அறிதல் என்பது ஒருவர் செய்யும் செயல்.

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு பழமொழி இருக்கிறது: ஏழை சொல் அம்பலம் ஏறாது. என்ன நடக்கிறது என்பதைப் பழமொழி நான்கு சொல்லில் சொல்லிவிட்டது. எப்படி நடக்கிறது, அதில் கேட்பவரின் மனம் என்ன செய்கிறது என்பதை ஃப்ரிக்கரிடம் படிக்கலாம்.

நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி யாரோ சொன்னது

உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னார், அல்லது சான்றிதழில் யாரோ எழுதினார்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்திருக்கிறது, குன்னூர் பஸ் வராது என்பது எப்படித் தெரியும்? டிரைவர் சொன்னார். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை வளைவில் யானை நிற்கிறதா என்பதைக் கீழே இருந்து வந்தவர் சொல்லித்தான் மேலே இருப்பவர் அறிகிறார். நாம் கண்ணால் பார்த்து அறிந்தவற்றை ஒரு பக்கமும், கேட்டு அறிந்தவற்றை இன்னொரு பக்கமும் வைத்தால் இரண்டாவது தட்டு தரையைத் தொட்டுவிடும்.

ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைச் சொல்லி அதை அவர் அறியும்படி செய்வதை ‘சொல்சான்று’ என்று அழைப்போம். கோர்ட்டில் சொல்லும் சாட்சி இதில் ஒரு சின்னப் பகுதி. “குழந்தைக்குக் காய்ச்சல்” என்று தாய் சொல்வதும் சொல்சான்றுதான்.

எட்வர்ட் கிரெய்க் என்ற தத்துவவாதி 1990இல் ஒரு யோசனையை வைத்தார். ‘அறிவு’ என்ற கருத்து மனிதருக்கு ஏன் தேவைப்பட்டது? யாரிடம் கேட்டால் சரியான தகவல் கிடைக்கும் என்று ஆள் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது, அதனால்தான் என்றார் அவர். யானை எங்கே நிற்கிறது என்று மேட்டில் இருப்பவரிடம் கேட்கலாம், பள்ளத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ‘அவருக்குத் தெரியும்’ என்று சொல்லும்போது, ‘அவரிடம் கேட்கலாம்’ என்றும் சேர்த்தே சொல்கிறோம். ஃப்ரிக்கர் தன் வீட்டை இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டுகிறார். ஒருவரை ‘கேட்கத் தகுந்தவர்’ பட்டியலிலிருந்து நீக்குவது என்றால், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்தே அவரை நீக்குவதாக ஆகிவிடுகிறது.

இதுவரை பார்த்தது: அறிதல் அநீதி என்பது படிப்பு கிடைக்காததைப் பற்றியது அல்ல. நம் அறிவில் பெரும்பகுதி பிறர் சொல்லை நம்பி வருவது. அதனால் யாருடைய சொல்லை எவ்வளவு நம்புகிறோம் என்பதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

தேயிலை ருசி பார்ப்பவரின் நாக்கு

சரி, அந்த ‘எவ்வளவு’ எப்படி முடிவாகிறது? குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் ருசி பார்ப்பவர் வரிசையாக வைத்த கிண்ணங்களின் முன் நின்று, ஒரு கரண்டி எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு கிண்ணத்துக்குச் சில நொடிதான். எந்தத் தோட்டத்து இலை, வாட்டியது சரியா, எத்தனை ரூபாய் போகும் என்றெல்லாம் அந்த நொடியில் அவருக்குத் தெரிகிறது. அவர் கணக்குப் போட்டு முடிவுக்கு வருவதில்லை. பல வருடப் பழக்கத்தில் நாக்கே அப்படி ஆகியிருக்கிறது.

நாம் ஒருவர் பேசுவதைக் கேட்பதும் இப்படித்தான் என்கிறார் ஃப்ரிக்கர். ‘இவர் நேர்மையானவரா, விஷயம் தெரிந்தவரா, அப்படியானால் இத்தனை மார்க்’ என்று யாரும் மனதில் கணக்குப் போடுவதில்லை. வாய் திறந்ததுமே ‘நம்பலாம்’ என்றோ ‘சும்மா சொல்கிறார்’ என்றோ நமக்குத் தோன்றிவிடுகிறது. சிவப்பு சிவப்பாகத் தெரிவது போல, நம்பத் தகுந்தவர் நம்பத் தகுந்தவராகத் தெரிகிறார். பழகிப் பழகி வந்த இந்தத் திறனைக் ‘கேட்கும் பக்குவம்’ என்று சொல்லலாம்.

இதில் தப்பில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரித்தால் வாழ்க்கை ஓடாது. ஆனால் ருசி பார்ப்பவர் காலையில் பச்சைப் பூண்டு தின்றுவிட்டு வந்தால் என்ன ஆகும்? நாற்பது கிண்ணமும் தப்பாகப் போகும். அதைவிட முக்கியம், அது அவருக்குத் தெரியாது. தேயிலையே அப்படி இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

அந்தப் பூண்டுதான் முன்முடிவு. கூலிக்காரர் கூட்டிச் சொல்வார், பெண்கள் பதறுவார்கள், ஆதிவாசிக்கு ஒன்றும் தெரியாது, இங்கிலீஷ் பேசுபவர் விஷயம் தெரிந்தவர். இவற்றை யாரும் நமக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. சினிமா, வீட்டுப் பேச்சு, பஸ்ஸில் கேட்ட கிண்டல் என்று ஊர் முழுக்கப் புழங்கும் படங்களாக நமக்குள் இறங்கியிருக்கின்றன. ‘நான் ஆள் பார்த்துப் பழகுபவன் இல்லை’ என்று ஒருவர் மனதார நம்பலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அவருடைய நம்பிக்கை மாறிய பிறகும் அந்தப் படங்கள் அடியில் தங்கி, கேட்கும் நொடியில் வேலை செய்யும் என்கிறார் ஃப்ரிக்கர். மனதைப் பற்றி அந்த நூல் சொல்வதில் என்னை அதிகம் உலுக்கியது இந்த இடம்தான்.

தராசு முள்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளவயதில் நான் இலைக் கணக்கு எழுதினேன். சாயங்காலம் பெண்கள் சாக்கைச் சுமந்து வருவார்கள். தொங்கவிட்ட வட்டமுகத் தராசில் மேஸ்திரி சாக்கை மாட்டுவார், முள் காட்டுவதை நான் எழுதுவேன். மழை நாளில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்போம். கூலி எடையைப் பொறுத்தது.

ஒரு அக்கா இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படிக் கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. மலையில் அவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்போம். சண்டைக்காரர்கள், சங்கம் வைத்துப் பேசுபவர்கள் என்று அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட ஒரு படம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை அவர் சாக்கை மாட்டிவிட்டு முள்ளைப் பார்த்தார். “ஐயா, தராசு குறைச்சுக் காட்டுது. என் தலைக்குத் தெரியுது, முள்ளுக்குத் தெரியல” என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, முள் காட்டியதை எழுதினேன். செவ்வாயும் சொன்னார், புதனும் சொன்னார். வியாழக்கிழமை சொல்லவில்லை.

சனிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து ஒரு அலுவலர் வந்தார். பறித்த இலை தொழிற்சாலை போய்ச் சேருவதற்குள் வாடி எடை குறையும், அதுதான் இயல்பு. அந்த வாரம் தொழிற்சாலை எடை எங்கள் எடையைவிட அதிகமாக இருந்தது. “உங்க தராசப் பாருங்க” என்றார். பார்த்தோம். சாக்கு இல்லாதபோதே முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. பத்து நிமிடத்தில் சரிசெய்தோம். அந்த வாரக் கூலியை யாரும் திருத்தவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அலுவலர் கையில் கணக்குத் தாள் இருந்தது, அக்காவிடம் இல்லை. ஆனால் நான்கு எட்டு நடந்து போய், காலித் தராசைப் பார்க்கும் அளவுக்குக்கூட நான் அவர் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடமாகச் சுமை தூக்கிய தலைக்கு எடை தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘சிலோன்காரங்க, ஏதாவது சொல்லுவாங்க’ என்பது மட்டும் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் அப்படித்தான் என் காதில் விழுந்தார்.

ஃப்ரிக்கர் சொல்லும் முதல் வகை அநீதி இதுதான். பேசுபவர் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற முன்முடிவினால், அவர் சொல்லுக்குச் சேர வேண்டிய நம்பிக்கையைக் கேட்பவர் குறைத்துத் தருவது. இதைச் ‘சொல்சான்று அநீதி’ என்போம்.

இங்கே ஒரு எல்லைக் கோடு முக்கியம். நம்பாமல் போவதெல்லாம் அநீதி இல்லை. கூச்சப்படும் பையன் ஒருவன் கண்ணைப் பார்க்காமல் உண்மையைச் சொல்கிறான், நீங்கள் பொய் என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அது பிழை. வருத்தப்படலாம், ஆனால் முன்முடிவு இல்லாத பிழை அநீதி ஆகாது. வாட்ஸ்அப்பில் ஆதாரமில்லாத செய்தியைப் போட்டவரை நம்பாமல் இருப்பது பிழைகூட இல்லை, அது சரியான கேட்டல்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரு சமையல் போட்டியில் நடுவருக்குக் கோவைக்காரர் சமையல்மேல் ஏதோ கோபம் என்றால் அந்த அநியாயம் அந்த மேடையோடு முடிந்தது. அக்காவுடையது அப்படி இல்லை. தராசில் நம்பாத அதே காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் நம்பமாட்டார்கள், ஸ்டேஷனில் நம்பமாட்டார்கள், பிள்ளையின் பள்ளியில் நம்பமாட்டார்கள். ஒருவர் போகும் இடமெல்லாம் நிழல் மாதிரி கூடவே வரும் முன்முடிவைத்தான் ஃப்ரிக்கர் தன் விளக்கத்தின் மையத்தில் வைக்கிறார்.

சுருக்கமாக: கேட்பது பழக்கத்தால் வந்த திறன். அதில் முன்முடிவு கலந்தால், கேட்பவருக்கே தெரியாமல், சிலருடைய சொல் எடை குறைந்து விழும். காரணம் முன்முடிவாக இருந்தால் மட்டுமே அதை அநீதி என்கிறோம்.

பறிபோவது என்ன?

கூலி போனது. அது கண்ணுக்குத் தெரியும் நட்டம். ஃப்ரிக்கர் அதைவிட அடியில் இருக்கும் ஒன்றைக் காட்டுகிறார், அதற்குக் கிரெய்க்கின் ஒரு வேறுபாட்டை எடுத்துக்கொள்கிறார்.

தொப்பலாக நனைந்து ஒருவர் உள்ளே வருகிறார். வெளியே மழை என்று இரண்டு வழியில் நீங்கள் அறியலாம். அவர் சட்டையைப் பார்த்து அறிவது ஒன்று, அவரிடம் கேட்டு அறிவது ஒன்று. முதலாவதில் அவர் நனைந்த மரம் மாதிரி ஒரு ‘தகவல் மூலம்’. இரண்டாவதில் அவர் ‘தகவல் தருபவர்’, நம்மோடு சேர்ந்து அறிதலில் பங்குகொள்ளும் மனிதர்.

இந்த மலையில் இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மக்களின் தலை, மூக்கு, உயரத்தையெல்லாம் அளந்து எழுதிக்கொண்டார். அளவுகோலுக்குத் தகவல் கிடைத்தது. அளக்கும் அந்த நேரத்தில் எதிரில் நின்றவர், தெரிந்ததைச் சொல்லக்கூடிய ஒருவராக இல்லை, அளக்கப்படும் பொருளாக நின்றார். இப்போதும் கிளினிக்கில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ரத்தம் சொல்வதைக் காகிதத்தில் எழுதுவார்கள். அந்த ரத்தத்துக்கு உரியவர் “மூணு நாளா இந்தப் பக்கம்தான் வலிக்குது” என்று சொல்வதற்கு நடுவிலேயே “சரி சரி, படும்மா” என்பார்கள்.

தகவல் மூலமாக மட்டும் நடத்தப்படுவதில்தான் மனிதருக்கான இழிவு இருக்கிறது என்பது ஃப்ரிக்கரின் வாதம். யோசித்து, அறிந்து, பிறருக்குச் சொல்வது மனிதராக இருப்பதன் ஒரு பகுதி. அங்கே அடி விழுகிறது. அடி திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருவர் தன் அறிவையே சந்தேகிக்க ஆரம்பிப்பார், அப்புறம் சொல்வதை நிறுத்திவிடுவார். வியாழக்கிழமை அக்கா சொல்லாமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. தராசு சரியாகிவிட்டதால் அவர் நிறுத்தவில்லை. கேட்கும் திறன் இல்லாதவர்முன் பேசுபவர் தன் சொல்லைத் தானே விழுங்கிக்கொள்வதைப் பற்றி அமெரிக்கத் தத்துவவாதி கிறிஸ்டி டாட்சன் 2011இல் தனியாகவே எழுதியிருக்கிறார்.

வலி இருக்கிறது, பெயர் இல்லை

இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. இதில் கேட்பவர் யாரும் குற்றவாளி இல்லாமலே இருக்கலாம்.

1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மிட்டா வுட் என்ற பெண் வேலை பார்த்தார். அங்கே ஒரு பேராசிரியர் அவரிடம் அத்துமீறி நடந்துகொண்டே இருந்தார். கழுத்து வலி, முதுகு வலி என்று உடம்பு கெட்டது. வேறு துறைக்கு மாற்றல் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது ‘ஏன் விட்டீர்கள்’ என்ற கேள்விக்கு என்ன எழுதுவது? அவருக்கு நடந்ததற்குப் பெயரே இல்லை. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975இல் அவரும் வேறு பெண்களும் கூடி உட்கார்ந்து பேசியபோதுதான் இது எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பல சொற்களை வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு பெயரைப் பிடித்தார்கள். இன்று நாம் தமிழில் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்பது அந்தப் பெயரைத்தான்.

தோட்டத்துப் பெண்கள் “அந்த ஆளு சரியில்ல” என்றுதான் சொல்வார்கள். அதைக் கொண்டுபோய் எந்த ஆபீஸில் புகாராகக் கொடுப்பது? இந்தியாவில் வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தல் பற்றி 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழக்குத் தீர்ப்பும், 2013இல் தனிச் சட்டமும் வந்த பிறகு அந்த ‘சரியில்ல’வுக்கு ஒரு முகவரி கிடைத்தது.

ஒருவர் தன் அனுபவத்தைத் தானே புரிந்துகொள்ளவும் பிறருக்குப் புரியவைக்கவும் தேவையான சொல் சமூகத்தின் பொதுக் கையிருப்பில் இல்லாமல் போவதும், சொற்கள் உருவாகும் இடங்களில் அவரைப் போன்றவர்களுக்கு இடமில்லாததே அதற்குக் காரணமாக இருப்பதும் சேர்ந்தால், அது ‘பொருள்கொள்ளல் அநீதி’. பத்திரிகை, சட்டம், பல்கலைக்கழகம், அரசியல் என்று சொல் பிறக்கும் இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடைய தலைவலிகளுக்கு முதலில் பெயர் கிடைக்கிறது.

இதிலும் ஒரு எல்லைக் கோடு இருக்கிறது. அதை விளக்க இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அரிவாள் செல் சோகை என்று ஒரு பரம்பரை நோய். ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, சிறிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், இது 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, கடும் உழைப்பு, காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று போதும், மூட்டிலும் எலும்பிலும் தாங்க முடியாத வலி வரும். பெரும்பாலும் வெளியே காட்ட ஒரு காயம்கூட இருக்காது. நேற்று ஓடியாடி வேலை செய்தவர் இன்று எழுந்திருக்க மாட்டார். பார்ப்பவர்கள் ‘சோம்பேறி’ என்பார்கள், ‘வேலைக்கு டிமிக்கி’ என்பார்கள்.

இந்த நோய் மருத்துவ நூல்களில் ஏறியது 1910இல், சிகாகோவில். அதற்கு முன் உலகத்தில் எந்த மருத்துவருக்கும் இதற்குப் பெயர் தெரியாது. அந்தக் காலத்து நோயாளி பட்டது பெருந்துன்பம்தான். ஆனால் அதைத் துரதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவமே அறியாத நோயால் ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் அதைப் பொருள்கொள்ளல் அநீதி என்று சொல்ல முடியாது என்று ஃப்ரிக்கரே எழுதுகிறார். பெயர் இல்லாததற்குக் காரணம் அந்த நோயாளிகளை ஒதுக்கியது அல்ல, யாருக்கும் தெரியாதது.

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல். கண்டறிந்தவர்கள் லேமனும் கட்புஷ்ஷும். இடம் எது தெரியுமா? இதே நீலகிரி, இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில். அந்த வருடத்துக்குப் பிறகு கதை மாறுகிறது. பெயர் இருக்கிறது, அதுவும் இவர்கள் ரத்தத்தைப் பார்த்தே எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஆனால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வலியோடு படுத்திருந்த பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு அது வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் “மூட்டு வலிக்குது” என்றால் மாத்திரை, தோட்டத்தில் “மூட்டு வலிக்குது” என்றால் சம்பளப் பிடித்தம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்து வருகிறார்கள். நாடு தழுவிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில்தான். 1952க்கும் 2023க்கும் நடுவில் 71 வருடம். துரதிர்ஷ்டம் என்று அதைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சொல் இல்லையா, நமக்குத் தெரியவில்லையா?

இங்கே ஃப்ரிக்கரோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு, அவருக்குப் பின் வந்த சிலரும் அதை எழுப்பியிருக்கிறார்கள். ‘சமூகத்தின் கையிருப்பில் சொல் இல்லை’ என்று பேசும்போது, ஏதோ ஊருக்கு ஒரே ஒரு அகராதிதான் இருப்பது போல ஒலிக்கிறது. இந்த மலையில் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர், பணியர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பேச்சு வைத்திருக்கிறார்கள். ஒரு வலியை, ஒரு காட்டை, ஒரு பயத்தைச் சொல்ல அவர்களிடம் சொல் இருக்கலாம். படிவம் நிரப்பும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியம் இருப்பதாகவும் அவர் நினைப்பதில்லை. கெய்ல் போல்ஹாஸ் என்பவர் 2012இல் இதையே குறித்தார்: சொல் இருந்தும், அதை எடுத்துக்கொள்ள மறுக்கும் அறியாமை. 2007ஆம் வருட நூலில் இந்த இடம் மெல்லியதாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் எல்லோரையும் நம்ப வேண்டுமா?

எங்கள் கூட்டத்தில் பேச்சை முடித்துவைத்த மூன்றாமவரின் கேள்வி இது. வேண்டாம். ஃப்ரிக்கர் அப்படிச் சொல்லவே இல்லை. அளவுக்கு மேல் நம்புவதும் தப்பான கேட்டல்தான்.

தராசையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தராசு எப்போதும் ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. தராசைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அது காட்டுவதோடு ஒன்றரைக் கிலோ சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பவரும் அதே மாதிரி, ‘இந்த மாதிரி ஆள் பேசினால் என் காது குறைத்து எடை போடும்’ என்று தன்னைப் பற்றி அறிந்து, அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று தெரியாவிட்டால் முடிவைத் தள்ளிவைத்து, இன்னொரு முறை கேட்கலாம், எழுந்து போய்ப் பார்க்கலாம். ஃப்ரிக்கர் இதை ஒரு நற்பண்பு என்கிறார். நேர்மை, பொறுமை மாதிரி பழகிப் பழகி வர வேண்டிய பண்பு. அறமும் அறிவும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன: முன்முடிவைக் கழித்துக் கேட்பவர் நல்லவராகவும் ஆகிறார், உண்மையை அதிகம் தெரிந்துகொள்பவராகவும் ஆகிறார். நான்கு எட்டு நடந்திருந்தால் எனக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும்.

சரி, அக்கா சொன்னது தப்பாக இருந்திருந்தால்? தராசு சரியாகவே இருந்து, அன்று அவருக்கு உடம்பு முடியாததால் சுமை அதிகமாகத் தோன்றியிருந்தால்? அப்போதும் நான் செய்தது தப்புத்தான் என்று நினைக்கிறேன். அவர் சொல்லைச் சோதித்து ‘இல்லை’ என்பது வேறு, சோதிக்கவே தகுதியில்லாததாக நடத்துவது வேறு.

தனி மனிதரின் பண்பு மட்டும் போதுமா என்று தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 2012இல் கேட்டார். போதாது என்பதே அவர் பதில், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும் சாயங்காலத்தில், களைத்துப்போன எழுத்தர் தன் மனதைத் தானே சோதித்துக்கொள்வார் என்று நம்பி ஒருவருடைய கூலியை விட முடியாது. ஏற்பாடு மாற வேண்டும். ஆஸ்பத்திரியில் பணியர் பேச்சும் குறும்பர் பேச்சும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ஏற்பாடு. எடை போடும் முன் காலித் தராசை எல்லோருக்கும் காட்டுவது ஏற்பாடு.

போன மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் கட்டபெட்டுப் பக்கம் ஒரு இலை நிறுவை இடத்தில் நின்று பார்த்தேன். இப்போது மின்னணுத் தராசு, எண் இரண்டு பக்கமும் தெரிகிறது. பெண்கள் எண்ணை வாய்விட்டுப் படித்து, தங்கள் சின்ன நோட்டிலும் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மா எண்ணைப் பார்த்ததும், “இறக்கிட்டு மறுபடி போடு தம்பி” என்றார். எழுதிக்கொண்டிருந்த பையன் ஏன் என்று கேட்கவில்லை. சாக்கை இறக்கினான், பூஜ்யம் வரும்வரை காத்திருந்தான், அந்த அம்மா தலையாட்டிய பிறகு மறுபடி மாட்டினான்.